எல்லாமே 'புறக்கணிப்பு' ஆகுமா?



சில ஆண்டுகளுக்கு முன் படிவம் நான்கு மாணவி ஒருத்தியின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். குடும்ப உறவுகள் பற்றிய தலைப்பு. அவள் இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா விடியற்காலையிலேயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை." பிழையில்லாத வாக்கியம். ஆனால் எனக்கு அது ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்தது. 'பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்பதை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் 'நாங்கள் புறக்கணிக்கப்படுகிறோம்' என்று எழுதினேன். ஓரத்தில் 'சொல்வளம் தேவை' என்று ஒரு குறிப்பு வேறு.

மறுநாள் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், அம்மா எங்கள புறக்கணிக்கல டீச்சர். வேலைக்குத்தான் போறாங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுவது போலத்தான் சொன்னாள்.

அவள் சொன்னதுதான் சரி. நான் சொல்வளத்தைக் கூட்டவில்லை. பார்த்தே இராத ஒரு தாயின் மேல் குற்றம் சுமத்தியிருக்கிறேன். அன்று முதல் இந்தச் சொல்லை நான் எங்கே கண்டாலும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன். நீங்களும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் மாணவர்களின் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கிறார்கள். இளைஞர்கள் தாய்மொழியைப் புறக்கணிக்கிறார்கள். மாணவர்கள் பாடத்தைப் புறக்கணிக்கிறார்கள். சிலர் காலை உணவைக்கூடப் புறக்கணிக்கிறார்கள்! பசியாறாமல் பள்ளிக்கு வந்தவன், அந்த உணவின் மேல் எந்த எதிர்ப்பும் கொண்டவன் அல்லன். தூங்கி எழ நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வாக்கியம் ஆண்டுதோறும் வருகிறது: "முதியோர் இல்லத்தில் பெற்றோர் புறக்கணிக்கப்படுகின்றனர்." எழுதியவர் சொல்ல நினைத்தது, பிள்ளைகள் பெற்றோரை இல்லத்தில் விட்டுவிட்டு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது. ஆனால் வாக்கியம் சொல்வது வேறு. இல்லத்தில் இருப்பவர்கள்தான் அந்த முதியவர்களைக் கவனிப்பதில்லை என்றே அது பொருள்படுகிறது. குளிப்பாட்டி, சோறூட்டி, மருந்து கொடுக்கும் பணியாளர்மேல் பழி விழுகிறது. பிள்ளைகள் வாக்கியத்திலேயே இல்லை. ஒரு சொல் தவறாக அமர்ந்ததால் குற்றவாளி தப்பிவிட்டார், உதவி செய்தவர் மாட்டிக்கொண்டார்.

இந்தக் குழப்பம் எப்படி வருகிறது?

நம் பிள்ளைகள் பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்கிறார்கள். மலாயில் இந்தப் பொருளுக்குப் பல சொற்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. கவனிக்காமல் இருப்பதற்கு 'அபாய்'. விட்டுவிட்டுப் போவதற்கு 'திங்கால்'. வீசியெறிவதற்கு 'புவாங்'. விளிம்புக்குத் தள்ளுவதற்கு, விளிம்பு என்றே பொருள்படும் 'பிங்கிர்' என்ற சொல்லிலிருந்து ஒரு வினை. சேராமல் ஒதுக்கி வைப்பதற்குத் தீவைக் குறிக்கும் 'பூலாவ்' என்ற சொல்லிலிருந்து இன்னொரு வினை. அதாவது, ஒருவரைத் தனித் தீவாக்கிவிடுவது. மலாய்த் தாளில் இந்த ஐந்தையும் இடம் பார்த்து எழுதுகிற மாணவர், தமிழ்த் தாளுக்கு வந்ததும் ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் 'புறக்கணிப்பு' என்று வைத்துவிடுகிறார்.

தமிழில் சொல் இல்லாமலா? கவனியாமல் விடு, விட்டுச் செல், தூக்கியெறி, ஓரங்கட்டு, ஒதுக்கி வை. இவையெல்லாம் வீட்டில் நாம் பேசுகிற சொற்கள்தாம். 'பிங்கிர்' என்பதும் நம் 'ஓரங்கட்டு' என்பதும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. பேச்சில் வருகிற சொல் என்பதால் கட்டுரைக்கு ஆகாது என்று நினைத்துவிடுகிறோம். குறை மாணவர்மேல் மட்டும் இல்லை. நீளமான சொல்லுக்குக் கூடுதல் புள்ளி என்று அவர்களைப் பழக்கியவர்கள் நாம்.

புறக்கணி: பார்த்தும் பாராதிருத்தல்

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். புறம் என்றால் வெளி, முதுகு. கணித்தல் என்றால் எண்ணுதல், மதித்தல். ஒருவரை நம் எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்துவதுதான் புறக்கணித்தல். அப்படிச் செய்ய வேண்டுமானால் முதலில் அவர் இருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆகவே இந்தச் சொல்லில் எப்போதும் ஒரு முடிவு இருக்கிறது, ஒரு மனம் இருக்கிறது. அதனால்தான் 'தேர்தல் புறக்கணிப்பு', 'பொருள் புறக்கணிப்பு' என்ற தொடர்கள் பொருந்துகின்றன. கூட்டத்துக்கு வர மறந்தவர் கூட்டத்தைப் புறக்கணித்தவர் ஆகமாட்டார். வேண்டுமென்றே வராதவர்தான் புறக்கணித்தவர்.

எழுத்துப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வல்லின 'ற'கரம் போட வேண்டிய இடத்தில் சிலர் இடையின 'ர'கரம் போட்டுப் 'புரக்கணிப்பு' என்று எழுதுகிறார்கள். புரத்தல் என்றால் காத்தல். புரவலர் என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஒரே ஓர் எழுத்தில், தள்ளிவிடுகிறவரைக் காப்பாற்றுகிறவர் பக்கம் கொண்டுபோய்விடுகிறோம். 'க்' என்ற ஒற்றும் விடுபடக் கூடாது; 'புறகணிப்பு' பிழை.

கைவிடு: பிடித்திருந்த கை

'கைவிடு' என்ற சொல்லுக்கு ஒரு முன்கதை தேவை. பிடித்திருந்தால்தான் விட முடியும். வழியில் போகிற அந்நியர் என்னைக் கைவிட முடியாது. அவர் என் கையைப் பிடித்ததே இல்லை. பெற்றோர், துணைவர், நண்பர், தலைவர், பொறுப்பேற்ற நிறுவனம், இவர்கள்தாம் கைவிட முடியும். அதனால்தான் இந்தச் சொல் புறக்கணிப்பைவிட அதிகமாகச் சுடுகிறது. நட்பாராய்தல் அதிகாரத்தில் 799ஆம் குறளில் வள்ளுவர் இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். கெட்ட காலத்தில் நம்மைக் கைவிட்டவரின் நட்பை, நாம் சாகும் நேரத்தில் நினைத்தாலும் மனம் வேகும் என்கிறார். பகைவர் செய்ததை அப்படிச் சொல்லவில்லை. நண்பர் செய்ததைச் சொல்கிறார்.

இலக்கியம் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. நளன் தமயந்தியை என்ன செய்தான்? காட்டில், நள்ளிரவில், தூங்கிக்கொண்டிருந்த மனைவியை விட்டுவிட்டுப் போனான். நாம் போய்விட்டால் இவள் தன் தந்தை வீட்டுக்குப் போய் நன்றாக இருப்பாள் என்ற எண்ணம் அவனுக்கு இருந்தது. எண்ணம் நல்லதுதான். ஆனாலும் அது கைவிடல்தான், கைப்பிடித்தவளைக் கைவிட்டான். கோவலன் கண்ணகியை என்ன செய்தான்? மாதவியிடம் போனான். கண்ணகி அதே புகார் நகரில்தான் இருக்கிறாள், அவனுக்கும் அது தெரியும். அவளை எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு திரும்பி வந்தான், அவளையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனான். என் கருத்தில் இது புறக்கணிப்பு. இல்லை, இதுவும் கைவிடல்தான் என்று நீங்கள் வாதிடலாம். வாதிடுங்கள். ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குக் கதையிலிருந்து காரணம் காட்ட வேண்டும். திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது.

'கை'யை வைத்து இன்னும் சில தொடர்கள் உண்டு. மரபுத்தொடர் பகுதியில் இவற்றைத் தனித்தனியாக மனனம் செய்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. வைத்துப் பாருங்கள்.

கைவிரித்தல்: உதவி கேட்டபோது 'என்னிடம் இல்லை, என்னால் முடியாது' என்று சொல்லிவிடுவது. இதில் பொய்யும் இருக்கலாம், உண்மையும் இருக்கலாம்.

கைகழுவுதல்: 'இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று பொறுப்பை உதறுவது. நடுவில் 'க்' வராது. 'கைக்கழுவுதல்' என்று எழுதாதீர்கள்.

கைநழுவுதல்: பிடித்திருந்தவர் விரும்பவில்லை, ஆனாலும் போய்விட்டது. இதில் குற்றம் இல்லை, இழப்பு மட்டும்தான்.

கைவிடுதல்: பிடித்திருந்தவரே விட்டது.

நான்கும் ஒன்றல்ல. பிள்ளையின் படிப்புச் செலவுக்குப் பணம் இல்லை என்று சொன்ன மாமா கைவிரித்தார். அவர் கைவிட்டார் என்று எழுதினால் அது அவதூறு.

'கைவிடு' என்பதைச் சேர்த்து எழுதுங்கள். 'பையில் கை விட்டான்' என்பதில் பிரித்து எழுத வேண்டும். அது உண்மையான கை. 'நண்பனைக் கைவிட்டான்' என்பதில் சேர்த்து எழுத வேண்டும். இன்னொன்று: இந்தச் சொல்லுக்கு எப்போதும் கெட்ட பொருள் இல்லை. புகைக்கும் பழக்கத்தைக் கைவிடலாம், பிடிவாதத்தைக் கைவிடலாம். எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பேணாமை: பொறுப்பிருந்தும் கவனியாதது

முகத்தைத் திருப்பவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் பிள்ளைக்குச் சோறு இல்லை, காய்ச்சலுக்கு மருந்து இல்லை. இதற்கு என்ன சொல்? அழகான பழைய சொல் ஒன்று இருக்கிறது: பேணாமை. பேதைமை அதிகாரத்தில் 833ஆம் குறள், வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படாதது, நாட வேண்டியதை நாடாதது, அன்பில்லாதது ஆகியவற்றோடு பேணாமையையும் சேர்த்து, இவை பேதையின் தொழில் என்கிறது. தேர்வில் 'பேணிக் காத்தல்' என்று எழுதத் தெரிந்த மாணவருக்கு அதன் எதிர்ச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு இலக்கண ஆசிரியர்களின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 31ஆவது பிரிவு, சிறுவரைக் கொடுமைப்படுத்துவது, பேணாமல் விடுவது, கைவிடுவது, ஆபத்துக்கு ஆளாகும்படி விடுவது என்று தனித்தனிச் சொற்களாக அடுக்குகிறது. எல்லாமே குற்றம்தான், ஆனால் ஒரே செயல் இல்லை. நீதிமன்றத்தில் எது நடந்தது என்று காட்ட வேண்டும். கட்டுரையில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும்?

யார் மேலும் குற்றம் சொல்லாத சொற்களும் நமக்குத் தேவை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் சாலி பெற்ற பிள்ளையை ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனாள், அது கைவிடல். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து மதுரைக்கு வந்து, பார்வையற்றவர், கால் முடமானவர், நோயாளிகள் இவர்களோடு பேணுவார் இல்லாதவர்களுக்கும் பிச்சையெடுத்து வந்த சோற்றைப் பகிர்ந்து கொடுத்தான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 'பேணுவார் இல்லாதவர்' என்ற தொடரைக் கவனியுங்கள். யார் விட்டார், ஏன் விட்டார் என்று அது கேட்கவில்லை. ஆள் இல்லை என்ற நிலையை மட்டும் சொல்கிறது. ஆதரவற்றோர், கேட்பாரற்றவர் என்பனவும் அப்படித்தான். காரணம் நமக்குத் தெரியாதபோது இந்தச் சொற்களே நேர்மையானவை.

அம்போ, நட்டாறு

'அம்போன்னு விட்டுட்டு போயிட்டான்' என்று நம் வீடுகளில் சொல்வோம். உயிருள்ள சொல். உரையாடலிலும் சிறுகதைப் பாத்திரத்தின் பேச்சிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கருத்து விளக்கக் கட்டுரையில் அந்த இடத்துக்கு 'நட்டாற்றில் விடுதல்' பொருந்தும். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நட்டாறு என்றால் நடு ஆறு. முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. வேலை தொடங்கும் முன்பே விலகிய கூட்டாளி நட்டாற்றில் விடவில்லை. பாதி வேலையில், பணமெல்லாம் போட்ட பிறகு விலகினால்தான் நட்டாறு. வீடு வாங்கியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு தூண்களோடு கட்டுமானத்தை நிறுத்திவிட்ட மேம்பாட்டாளருக்கு இது சரியாகப் பொருந்தும்.

'பட்டனர்' என்ற ஒளிவிடம்

இன்னொரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 'புறக்கணிக்கப்பட்டனர்', 'கைவிடப்பட்டனர்' என்று செயப்பாட்டு வினையில் முடித்துவிடுகிறோம். செய்தவர் யார் என்று கேட்டால் வாக்கியத்தில் பதில் இல்லை.

நம் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1950களிலும் 1960களிலும் மலாயாவில் தோட்டத் துண்டாடல் நடந்தது. பெரிய ரப்பர்த் தோட்டங்களை முதலாளிகள் விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். பரம்பரையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் வேலையை இழந்தன. வேலையோடு சேர்ந்த லயத்து வீட்டையும் இழந்தன. இதைப் பற்றி எழுதும் மாணவர், "தோட்டப் பாட்டாளிகள் கைவிடப்பட்டனர்" என்று ஒரே வரியில் முடிக்கிறார். படித்தால் ஏதோ வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது போல இருக்கிறது. "தோட்டத்தை விற்ற முதலாளிகள், அதில் தலைமுறையாக உழைத்தவர்களைக் கைவிட்டனர்" என்று எழுதிப் பாருங்கள். இப்போது கை தெரிகிறது, விட்டவர் தெரிகிறார்.

அதே கதையில் மற்றொரு கையும் உண்டு. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். 'கைவிடப்பட்டனர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் இந்தப் பாதி எழுதப்படாமலே போகிறது. விட்ட கையைச் சொல்கிறவர், கொடுத்த கையையும் சொல்ல வேண்டும்; அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்த கைகளும் தொழிலாளர்களுடையவையே.

எழுதும் முன் மூன்று கேள்விகள்

மாணவர்களே, அடுத்த முறை இந்தச் சொல் பேனா முனைக்கு வரும்போது உங்களையே கேளுங்கள்.

ஒன்று: அவர் முன்பு கையைப் பிடித்திருந்தாரா? ஆம் என்றால், பிறகு விட்டும் போயிருந்தால் 'கைவிட்டார்'.

இரண்டு: அவர் தெரிந்தே முகத்தைத் திருப்பினாரா? ஆம் என்றால் 'புறக்கணித்தார்'.

மூன்று: பொறுப்பு இருந்தும் கவனிக்கவில்லையா, அல்லது கவனிக்க முடியாத நிலையா? முதலாவது 'பேணாமை'. இரண்டாவதற்கு நிலைமையை உள்ளபடி எழுதுங்கள். குற்றச்சாட்டுச் சொல் வேண்டாம்.

முதியோர் இல்லத்து வாக்கியத்தை இப்போது திருத்திப் பார்ப்போம். "சில பிள்ளைகள் பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, அதன்பின் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை." இதில் பெரிய சொல் எதுவும் இல்லை. ஆனால் யார், என்ன செய்தார் என்பது தெளிவாக இருக்கிறது. வாரந்தோறும் போய்ப் பார்க்கிற பிள்ளையை இந்த வாக்கியம் தொடவில்லை. வகுப்பில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் மகனோ மகளோ உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜொகூர் பாருவிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் பிள்ளைகள் பலரின் வீட்டில் விளக்கு விடியும் முன்பே எரிகிறது. அப்பா மோட்டாரை எடுக்கிறார், அம்மா தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடுகிறார், பாலத்தைத் தாண்ட வேண்டும். மேசையில் மூடி வைத்த சாப்பாடு இருக்கும். அந்த வீட்டைப் பற்றி அந்தப் பிள்ளை எழுதும்போது, சொல்வளம் என்ற பெயரில் நாம் அவசரப்பட்டுச் சிவப்பு மையைத் தொட வேண்டாம். மாணவர் எழுதிய சின்னச் சொல் சரியாக இருந்தால் அதற்கே புள்ளி கொடுப்போம்.

அந்த மாணவியின் நோட்டில் என் திருத்தத்தை நானே அடித்தேன். அவள் எழுதிய வரியின் கீழ் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'இதுவே சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.